நான்கு நிமிடம் நின்ற புகைப்படம்

ஜெர்மனிக்குப் போகிறேன் என்றதும் கல்லூரி ஆசிரியர் அறையில் ஆளுக்கொரு பட்டியல் நீட்டினார்கள். ஒருவருக்குச் சமையல் கத்தி, ஒருவருக்குச் சாக்லேட், துறைத்தலைவருக்கு முட்டிவலித் தைலம். எதற்குப் போகிறாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்காததும் நல்லதுதான். நான் எழுதியது தப்பா சரியா என்று பார்த்துவரப் போகிறேன் என்றால் ஒரு மாதத்துக்கு அதையே சொல்லிச் சிரித்திருப்பார்கள்.

நான் கோயம்புத்தூர்க்காரி. வரலாறு சொல்லிக்கொடுக்கிறேன். நூற்பாலைகளில் வேலை செய்த பெண்களைப் பற்றித்தான் என் ஆராய்ச்சி எல்லாம். அம்மா ஒரு மில்லில், நூலைச் சுற்றும் ரீலிங் பிரிவில் இருந்தவர். அதனால் இந்த விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. நாஜிகள் யூதப் பெண்களைப் பிடித்துக்கொண்டுபோய் நூற்பாலைகளில் அடிமை வேலை வாங்கியதைப் படித்தபோது, அந்தப் பெண்களை எனக்கு ஏற்கெனவே தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். உயிர் பிழைத்தவர்கள் வயதான காலத்தில் கேமரா முன் உட்கார்ந்து சொன்ன சாட்சியங்கள் காப்பகங்களில் இருக்கின்றன. அவற்றில் எஸ்தர் என்பவருடைய சாட்சியத்தை வைத்து ஆங்கிலத்தில் ஒரு கட்டுரை எழுதினேன். இங்கே பெயர்களை எல்லாம் மாற்றியிருக்கிறேன். அந்தப் புத்தி முதலிலேயே இருந்திருக்க வேண்டும்.

எஸ்தர் சொன்னது இது. குளிர்காலம். காலில் மரச்செருப்பு, உள்ளே வெறுங்கால். பெண்கள் மில்லில் இருந்து கழிவு நூலை ஒளித்துக் கொண்டுவந்து காலுறை பின்னுவார்கள். மாட்டினால் நாசவேலை என்று தண்டனை. ஒரு ஞாயிறு காலை வரிசையில் நிற்கும்போது பனியில் நூல் கிடந்தது. யாருடையது என்று தெரியும்வரை மொத்த வரிசையும் அப்படியே நிற்க வேண்டும் என்று மேற்பார்வைக்காரி சொல்லிவிட்டாள். மதியம் தாண்டி, பதினாறு வயதுப் பெண் ஒருத்தி மயங்கி விழுந்த பிறகுதான் லியா என்பவள் முன்னால் வந்து "என்னுடையது" என்றாள். லியாவை அடித்து மொட்டையடித்தார்கள். விழுந்த பெண் அந்த வாரமே காய்ச்சலில் இறந்துபோனாள்.

"லியாவின் தாமதமான ஒப்புதல் ஓர் உயிரைக் குடித்தது" என்று நான் எழுதினேன். வாக்கியம் நன்றாக அமைந்துவிட்ட சந்தோஷத்தில் அன்றைக்கு இரண்டாவது காபி குடித்தேன்.

போன வருடம் பிராங்பேர்ட்டில் இருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. எழுதியவர் யூடித். "நீங்கள் எழுதியிருக்கும் லியா என் அம்மா. முகாமும் ஊரும் பொருந்துகின்றன. முகாமில் இருந்த பெண்கள் பிற்பாடு வருடம் ஒருமுறை கூடுவார்கள். அம்மாவை அவர்கள் கூப்பிட்டதே இல்லை. ஏன் என்று அம்மா என்னிடம் சொன்னதும் இல்லை. அந்தப் பதிவைத் தயவுசெய்து திரும்பக் கேளுங்கள். என் அம்மாவால்தான் அந்தப் பெண் இறந்தாள் என்றால் அதை நான் தெரிந்துகொண்டுதான் சாக வேண்டும். எனக்கு எழுபத்தைந்து முடிந்துவிட்டது."

திரும்பக் கேளுங்கள் என்றால், நான் முதலில் ஒருமுறை கேட்டிருக்க வேண்டும் அல்லவா? கேட்கவில்லை. இந்தக் காப்பகங்களில் ஒவ்வொரு சாட்சியத்துக்கும் நிமிடவாரியாக ஓர் அட்டவணை உண்டு. "நூற்பாலை", "தண்டனை" என்று தேடினால் எந்தெந்த நிமிடம் என்று காட்டும். அந்த நிமிடங்களின் ஆங்கில மொழிபெயர்ப்பை மட்டும் ஒரு நண்பர் அனுப்பியிருந்தார். ஐந்து மணி நேரத்தில் நான் படித்தது இருபது நிமிடம். ஆராய்ச்சிக்காரர்கள் நிறையப் பேர் இப்படித்தான் செய்கிறோம். வெளியே சொல்வதில்லை.

எஸ்தரும் உயிரோடு இல்லை, லியாவும் இல்லை. இருந்தது பதிவு மட்டும். அதையும் சில நூலகங்களில் நேரில் போய் உட்கார்ந்துதான் கேட்க முடியும். பான் நகரத்தில் ஒரு நூலகத்தில் இடம் கிடைத்தது. விசா, டிக்கெட் கதைகளை விட்டுவிடுகிறேன்; அவற்றைக் கேட்டு யாருக்கும் புண்ணியமில்லை.

பிராங்பேர்ட்டில் இறங்கிப் பானுக்கு ரயில் ஏறினேன். பாதி வழியில், ரைன் நதியை ஒட்டிய ஓரிடத்தில் ரயில் நின்றது. ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றது. ஒலிபெருக்கியில் ஒரு பெண் மன்னிப்புக் கேட்கும் குரலில் ஏதோ சொன்னார். பெட்டியில் ஒருவரும் முணுமுணுக்கவில்லை. நம் ஊராக இருந்தால் அதற்குள் நாலு பேர் இறங்கி, தண்டவாளத்தில் நின்று டிரைவருக்கு யோசனை சொல்ல ஆரம்பித்திருப்பார்கள்.

வெளியே நவம்பர் மூடுபனி. தண்ணீர் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. நீளமான சரக்குப் படகு ஒன்று சத்தமில்லாமல் போனது. அதன் மேல் ஒரு சைக்கிள், கொடியில் இரண்டு சட்டைகள், ஒரு தொட்டிச் செடி. தூக்கமில்லாத கண்ணுக்குப் படகு நிற்பது போலவும் ரயில் மெல்ல நகர்வது போலவும் இருந்தது. நொய்யலை ஆறு என்று கூச்சமில்லாமல் சொல்லிக்கொள்ளும் ஊர்க்காரி நான். இவ்வளவு தண்ணீரைப் பார்த்துக்கொண்டே தூங்கிப்போனேன்.

என்னை எழுப்பியது தமிழ்.

"ஏய், அந்த ஆன்ட்டி நம்ம ஊர் மாதிரியே இருக்காங்கடி."

"சும்மா இரு. நீ மொதல்ல அந்த அசைன்மென்ட்ட முடி. டுமாரோ டெட்லைன்."

"நம்ம ஊரேதாங் கண்ணு, கோயம்புத்தூர்," என்றேன். இருவரும் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஆஹெனில் பொறியியல் படிக்கிற பெண்கள். ஒரு முறுக்குப் பொட்டலம் எங்கிருந்தோ வெளியே வந்தது. எதற்கு வந்தீர்கள் என்று கேட்டார்கள். ஒருத்தர் பேசியதைக் கேட்க வந்தேன் என்றேன். "அதெல்லாம் ஆன்லைன்ல இல்லையா ஆன்ட்டி?" என்று பரிதாபமாகப் பார்த்தாள் சின்னவள். ரயில் நகர்ந்தது.

பான் ஸ்டேஷனில் துஷ்யந்தி நின்றார். என் பழைய மாணவி ஒருத்தியின் பக்கத்து வீட்டுக்காரர். யாழ்ப்பாணத்தில் இருந்து நாலு வயதில் அம்மாவின் மடியில் உட்கார்ந்து இந்த நாட்டுக்கு வந்தவர். இப்போது நாற்பது. தமிழர்களுக்காக அலுவலகங்களிலும் நீதிமன்றங்களிலும் மொழிபெயர்ப்பது அவர் வேலை. எனக்கு ஜெர்மன் தெரியாது. எஸ்தர் பேசியது ஜெர்மன். துஷி எனக்காக லீவு போட்டிருந்தார்.

"வாங்கோ அக்கா. களைச்சுப் போனியள் போல. முதல்லை சாப்பாடு, பிறகுதான் கதை."

சாப்பாடு என்றால் இடியப்பம், சொதி, சிவக்கச் சிவக்க ஒரு சம்பல். வெளியே இலையில்லாத மரங்களுக்கு நடுவே ஒரு டிராம் மணியடித்துக்கொண்டு போனது. எங்கள் ஊரில் சந்தகை பிழிந்து தேங்காய்ப்பால் ஊற்றுவோம். இது அதற்கு ஒன்றுவிட்ட தங்கை. எந்த நாட்டில் உட்கார்ந்திருக்கிறேன் என்பதே கொஞ்ச நேரம் மறந்துபோனது.

"ஒண்டு சொல்லோணும் அக்கா," என்றார் துஷி. "நான் 'அவ சொல்லுறா' எண்டு சொல்லமாட்டன். அவ 'நான்' எண்டால் நானும் 'நான்' எண்டுதான் சொல்லுவன். எங்கடை தொழில் அப்பிடி. கேக்கேக்கை ஒரு மாதிரி இருக்கும். பழகிடும்."

மறுநாள் காலை நூலகம். மேசையில் இருந்த பெண் பேனாவை வாங்கி வைத்துக்கொண்டு பென்சில் கொடுத்தார். பதிவு எடுக்கக் கூடாது, படம் எடுக்கக் கூடாது, எழுதிக்கொள்ளலாம். ஒரு திரை, இரண்டு ஹெட்போன், பனி படிந்த ஒரு ஜன்னல்.

"எந்த நிமிஷம் அக்கா?" என்று கேட்டார் துஷி.

"முதல்ல இருந்து கண்ணு. ஒண்ணு விடாம."

திரையில் எஸ்தர் வந்தார். எழுபதைத் தாண்டிய, நேர்த்தியாகச் சீவிய, நீலச் சட்டை போட்ட பெண். பின்னால் ஒரு புத்தக அலமாரி, ஒரு விளக்கு. கேள்வி கேட்பவரின் குரல் மட்டும் எங்கிருந்தோ வரும். எஸ்தர் ஒரு வாக்கியம் சொல்வார், துஷி நிறுத்துவார், தாழ்ந்த குரலில் சொல்வார்: "எங்கடை வீட்டுக்குப் பின்னாலை ஒரு மரக்காலை இருந்தது. நான் அங்கைதான் விளையாடுவன்." மரக்காலை என்றால் நம் மரக்கடையாம். சொல்வது யாழ்ப்பாணத் தமிழ், முகம் எஸ்தருடையது. அரைமணி நேரத்தில் எனக்கு இரண்டும் ஒட்டிக்கொண்டன. எஸ்தர் யாழ்ப்பாணத் தமிழில்தான் பேசுகிறார் என்று நம்ப ஆரம்பித்துவிட்டேன்.

பேச்சுக்கு நடுவில் ஒரு நாய் குரைத்தது. திரும்பிப் பார்த்தேன், குரைத்தது பதிவுக்குள். எஸ்தர் வீட்டுத் தெருவில் எப்போதோ குரைத்த நாய். அரைமணிக்கு ஒருமுறை நாடா தீர்ந்து திரை நீலமாகிவிடும். அந்த நீலத்தில் நானும் துஷியும் மங்கலாகத் தெரிவோம். பிறகு எஸ்தர் திரும்ப வருவார், கையில் தண்ணீர்க் குவளையோடு.

ஒன்றைக் கவனித்தேன். மில்லைப் பற்றிப் பேச ஆரம்பித்ததும் எஸ்தரின் வாய் மாறியது. உதடுகளை அகலமாகத் திறந்து ஒவ்வொரு சொல்லையும் செதுக்கிப் பேசினார். எங்கள் அம்மா அப்படித்தான் பேசுவார், ரிட்டயரான பிறகும். இயந்திர இரைச்சலில் காதால் கேட்க முடியாது. எதிராளி உதட்டைத்தான் படிக்க வேண்டும். அறுந்த இழையைக் கட்டைவிரலால் முடிச்சுப் போடுவதை எஸ்தர் காற்றில் செய்து காட்டினார். நான் என் கையைப் பார்த்தேன், அதுவும் செய்துகொண்டிருந்தது. இதெல்லாம் நான் படித்த இருபது நிமிட ஆங்கிலத்தில் இல்லை. வெட்கமாக இருந்தது.

மதியம் நூலகச் சிற்றுண்டிச் சாலையில் உருளைக்கிழங்கு சூப். பக்கத்து மேசையில் ஒரு பெரியவர் போனில் யாரிடமோ நீளமாக வாதாடினார். என்ன என்று கேட்டேன். "பூனைக்கு எந்த மருந்து, சாப்பாட்டுக்கு முன்னமோ பின்னமோ எண்டு பெண்சாதியோடை சண்டை," என்றார் துஷி. அவர் அதையும் "நான் அப்பவே சொன்னனான், முன்னம் எண்டு" என்று முதலில் அந்தப் பெரியவராகவே மாறிச் சொல்லிக் காட்டிவிட்டுத்தான் விளக்கம் சொன்னார்.

பின்னேரம் அந்த நிமிடம் வந்தது. எஸ்தர் சொன்னார், துஷி சொன்னார்: "நூல் லியாட்டை இருந்தது. அவ பிந்தித்தான் சொன்னவ." நான் நிறுத்தச் சொல்லி மூன்று முறை கேட்டேன். வேறு மாதிரி மொழிபெயர்க்க இடமிருக்கிறதா என்று துஷியை நச்சரித்தேன்.

"இல்லை அக்கா. தெளிவாத்தான் சொல்லுறா."

அப்படியானால் நான் எழுதியது சரி. சரி என்று தெரிந்ததும் வந்திருக்க வேண்டிய நிம்மதி வரவில்லை. பிராங்பேர்ட்டில் ஒருவர் என் பதிலுக்காகக் காத்திருக்கிறார். அவரிடம் போய், ஆமாம் அம்மா, உங்கள் அம்மாதான் என்று சொல்ல வேண்டும். பஸ்ஸில் திரும்பும்போது ஜன்னல் கண்ணாடியில் தலையைச் சாய்த்துக்கொண்டேன். தெரு விளக்குகள் ஒவ்வொன்றும் பனிக்குள் ஊறிப் பெரிதாகத் தெரிந்தன. இறங்க வேண்டிய நிறுத்தத்தை இருவருமே தவறவிட்டோம்.

மூன்றாம் நாள் மிச்சத்தைக் கேட்டோம். விடுதலை, அலைச்சல், கல்யாணம், ஒரு மகன், தையல் கடை. கேள்வி கேட்பவர் நன்றி சொன்னார். எஸ்தரும் நன்றி சொன்னார். துஷி ஹெட்போனைக் கழற்றிக் காதைத் தேய்த்துவிட்டுக்கொண்டார். "முடிஞ்சுது அக்கா. இனி வீட்டுப் படங்கள் காட்டுறது மட்டும்தான்."

இந்தச் சாட்சியங்களின் முடிவில் அப்படி ஒரு வழக்கம் உண்டு. பேசி முடித்ததும் பழைய புகைப்படங்களை ஒவ்வொன்றாக ஒரு பலகையில் குத்தி வைத்து கேமராவில் காட்டுவார்கள். சொன்னவரின் முகம் திரையில் இருக்காது. படம் மட்டும் நிற்கும், ஓரத்தில் இருந்து குரல் வரும். இது அம்மா, இது அண்ணன், இது நான். அட்டவணையில் இதற்கு "புகைப்படங்கள், எட்டு" என்று ஒரே வரி. இதை எழுத்தில் பெயர்த்து வைத்திருக்கவும் இல்லை.

நான் எழுந்திருக்கவில்லை. நேர்மையாகச் சொன்னால், எட்டில் ஒன்றாவது அந்த மில்லின் படமாக இருக்குமோ என்ற பேராசைதான் காரணம். எந்த மாதிரி இயந்திரம் என்று பார்க்கலாமே. துஷி மறுபடி ஹெட்போனை மாட்டினார்.

முதல் படம் எஸ்தரின் பெற்றோர். அரை நிமிடம். இரண்டாவது அண்ணன். அரை நிமிடம். மூன்றாவதில் நான்கு பெண்கள் ஒரு தானியக் கிடங்கின் கதவுக்கு முன்னால் நின்றார்கள். அளவில்லாத கோட்டுகள், ஒருத்திக்கு ஆம்பளை பூட்ஸ்.

"விடுதலையாகி அஞ்சாறு நாளிலை எடுத்தது," என்றார் துஷி எஸ்தராக. "இடப்பக்கம் நிக்கிறது நான். பக்கத்திலை லியா."

பிறகு குரல் வரவில்லை. படம் அப்படியே நின்றது. கேள்வி கேட்பவர் ஏதோ மெல்லக் கேட்டார். "நிப்பாட்டவோ?" என்றார் துஷி. உடனே எஸ்தராக, "வேண்டாம், ஓடட்டும்." துஷி இப்போது திரையை நிறுத்தவில்லை. எஸ்தரின் குரல் போகப் போக அதன் பின்னாலேயே சொல்லிக்கொண்டு போனார்.

"காலமை நான் லியாட்டை நூல் இருந்ததெண்டு சொன்னனான். அது பொய். அம்பது வருஷமாய் எல்லாருக்கும் அப்பிடித்தான் சொல்லி வந்தனான். வாய் தன்ரை பாட்டிலை சொல்லிப்போட்டுது. நூல் என்ரை. வயித்திலை சுத்தி வச்சிருந்தனான். அவிண்டு விழுந்தது, எனக்கும் லியாவுக்கும் நடுவிலை. லியா கண்டவ. அவ வாய் திறக்கேல்லை. என்னைப் பாத்துக்கொண்டே நிண்டவ, நான் போவன் எண்டு காத்துக்கொண்டு. என்ரை கால் நகரேல்லை. அந்தப் பிள்ளை விழுந்த உடனை லியா போயிட்டா. நான் போக வேண்டிய இடத்துக்கு அவ போயிட்டா. மற்றவை எல்லாரும் அவவோடை கதைக்காமல் விட்டவை. நானும் விட்டனான். விட்டால்தானே அவைக்குச் சந்தேகம் வராது."

எங்கேயோ நாய் குரைத்தது. "இதைக் கமெராவிலை சேருங்கோ," என்றார் எஸ்தர், துஷி வழியாக. "வெட்டாதேங்கோ. என்ரை முகம் தெரியேக்கை எனக்குச் சொல்ல ஏலாமல் போச்சுது."

அடுத்த படம் வந்தது. கல்யாணக் கோலத்தில் எஸ்தரும் கணவரும். துஷி அதற்கும் மொழிபெயர்த்தார். குரல் உடைந்திருந்தது, ஆனாலும் எட்டுப் படமும் முடியும்வரை ஒரு சொல் விடவில்லை. பிறகு முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார்.

நான் அழவில்லை. என் மேல் எனக்கு வந்த கோபத்தில் அழுகை வரவில்லை. எஸ்தர் தன் வாழ்நாளின் பொய்யைத் திருத்திவிட்டுத்தான் போயிருக்கிறார், வெட்டாதீர்கள் என்று கெஞ்சிவிட்டு. யாரும் வெட்டவில்லை. நான்தான் அதுவரைக்கும் போகவில்லை. நூலுக்குரியவள் தானே முன்னால் போவாளா என்று மதியம் தாண்டும்வரை பனியில் காத்து நின்ற லியாவை, தாமதம் என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டேன். துஷி அந்த நான்கு நிமிடத்தையும் ஜெர்மனில் சொல்லுக்குச் சொல் பென்சிலால் எழுதிக்கொண்டார்.

நான்காம் நாள் பிராங்பேர்ட். ஸ்டேஷனில் எஸ்-பான் என்கிற நகர ரயிலுக்கு மாறும்போது ஏதோ நினைப்பில் எதிர்ப்பக்க வண்டியில் ஏறிவிட்டோம். கண்ணாடிக் கட்டடங்கள் பனிக்குள் பாதி மட்டும் தெரிந்தன, மேல்பாதி இல்லாமலே கட்டி விட்டுவிட்டது போல. பார்த்துக்கொண்டே போனால், பெட்டியும் கையுமாக ஆட்கள் ஏறுகிறார்கள். விமான நிலையம். "ஊருக்கே அனுப்பப் பாக்கிறியா கண்ணு?" என்றேன். மூன்று நாளில் அப்போதுதான் துஷி சிரித்தார்.

யூடித்தின் வீடு நாலாவது மாடியில். உயரமான, முதுகு வளையாத பெண். பிளம்ஸ் கேக், மூன்று கோப்பைகள், மடித்த கைக்குட்டைகள், எல்லாம் தயாராக இருந்தன. அவர் ஜெர்மனில் பேசினார். எனக்குக் கிடைத்தது துஷியின் தமிழ்.

"முதல்லை சாப்பிடுங்கோ. நல்ல செய்தியோ கெட்ட செய்தியோ, வெறும் வயித்திலை வேண்டாம்."

நான் கேக்கைத் தொடவில்லை. என் கட்டுரை தப்பு என்றேன். அரைகுறையாகப் படித்துவிட்டு எழுதினேன், மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். துஷி தாளை எடுத்து ஜெர்மனில் வாசித்தார். எனக்கு ஒரு சொல்லும் புரியாவிட்டாலும் எந்த இடத்தில் இருக்கிறார் என்று தெரிந்தது. நூல் என்னுடையது என்ற இடத்தில் யூடித் கோப்பையைக் கீழே வைத்தார். காத்துக்கொண்டு நின்றாள் என்ற இடத்தில் எழுந்து ஜன்னலுக்குப் போய்விட்டார்.

வாசித்து முடித்தும் அவர் திரும்பவில்லை.

"கட்டுரையைத் திருத்தி, உண்மையை எழுதிவிடுகிறேன்," என்றேன்.

"எழுதாதேங்கோ."

நான் துஷியைப் பார்த்தேன். சரியாகத்தான் சொல்கிறாரா?

"அம்மா எஸ்தரின்ரை பேர் வெளியிலை வரக்கூடாதெண்டுதான் முன்னுக்குப் போனவ," என்றார் யூடித். "என்னட்டைக்கூடச் சொல்லேல்லை. அம்மா குடுத்ததை நான் போய்த் திருப்பி வாங்கிறதோ? எஸ்தரின்ரை மகன் எங்கையோ இருப்பார். நாளைக்கு அவருக்கும் என்னை மாதிரி ஒரு நாள் வரும்."

"ஆனால் எஸ்தரே சொல்லச் சொல்லியிருக்கிறாரே. வெட்டாதீர்கள் என்கிறாரே."

"அவவுக்கு அம்பது வருஷம் எடுத்தது. எனக்கு ஒரு நாளாவது தாங்கோ." குரல் உயர்ந்தது. இந்த வருத்தத்துக்கு நடுவில் எனக்கு அது நிம்மதியாகக்கூட இருந்தது. அதுவரை அவர் என்மேல் கோபப்படவே இல்லை. "அந்தக் குரலைக் கேக்கப் பயந்துதான் நான் பானுக்குப் போகாமல் உங்களைக் கேட்டனான். அம்மாவைக் கள்ளி எண்டு சொன்ன குரல். இப்ப அந்தக் குரலிலை எனக்கு இருக்கிற கோபம் வேறை. பக்கத்திலை நிண்ட ஒரு மனுசி, ஒரு காகிதம் எழுதியிருக்கலாம். அம்மா ஒவ்வொரு நாளும் தபால்காரனைப் பாத்துக்கொண்டு நிப்பா. ஆருக்காக எண்டு இண்டைக்குத்தான் எனக்கு விளங்குது."

யூடித் மேசைக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தார். கேக்கைச் சாப்பிட்டோம். புளிப்பும் இனிப்புமாக நன்றாகவே இருந்தது. அந்த நேரத்தில் நன்றாக இருந்ததே எனக்குச் சங்கடமாகப் போய்விட்டது. விடைபெற எழுந்தபோதுதான் யூடித் கேட்டார்.

"அவ இதைச் சொல்லேக்கை அழுதவவோ?"

"தெரியாது. முகம் திரையில் இல்லை. புகைப்படம்தான் நின்றது."

"என்ன புகைப்படம்?"

கிடங்கின் கதவு, நான்கு பெண்கள், இடப்பக்கம் எஸ்தர், பக்கத்தில் உங்கள் அம்மா என்றேன். யூடித் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். முப்பது வயதுக்கு முந்தின அம்மாவின் படம் ஒன்றுகூட அவரிடம் இல்லை. வீட்டோடு எல்லாம் போய்விட்டது. இளம் வயதில் அம்மா எப்படி இருந்தார் என்றே அவருக்குத் தெரியாது.

ஐந்தாம் நாள் காலை மூவருமாகப் பான் ரயிலில் உட்கார்ந்திருந்தோம். அன்று ரயில் எங்கும் நிற்கவில்லை. பனி தண்ணீரை விட்டு ஒரு முழம் எழும்பி நின்றது. அதற்கு மேலே மலைச்சரிவில் திராட்சைக் கொடிகள் வெயிலில் மஞ்சளாக இருந்தன. யூடித் தொப்பியைக் கழற்றவே இல்லை. வழியெல்லாம் கைப்பையின் வாரைச் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக வந்தார்.

நூலகத்தில் படிவம் நிரப்பினார். திரையின் முன் உட்கார்ந்ததும் ஹெட்போனைத் தள்ளி வைத்தார். "எனக்குக் கேக்கத் தேவையில்லை. பாக்கிறன், அவ்வளவுதான்."

துஷி மூன்றாவது படத்துக்குக் கொண்டுபோனார். நான்கு பெண்கள் வந்து நின்றார்கள். இந்த முறை நான் இயந்திரம் தேடவில்லை, லியாவைப் பார்த்தேன். மொட்டைத் தலைக்குக் கட்டிய துணி. வாய் கொள்ளாத சிரிப்பு. எஸ்தர் சிரிக்கவில்லை, தலையைத் திருப்பி லியாவையே பார்க்கிறார். லியாவின் கை எஸ்தரின் கழுத்தைச் சுற்றிக் கிடந்தது.

யூடித் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு முகத்தைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். மேசையில் கிடந்த ஹெட்போனுக்குள் எஸ்தரின் குரல் கொசுபோல ஓடிக்கொண்டிருந்தது. மற்றப் படங்களுக்கெல்லாம் அரை நிமிடம். எஸ்தர் பேசி முடிக்கும்வரை கேமராக்காரர் இந்தப் படத்தை மாற்றவில்லை. அதனால் நான்கு நிமிடம் யூடித்தின் அம்மா அங்கே நின்று சிரித்துக்கொண்டிருந்தார்.

கல்யாணப் படம் வந்ததும் யூடித் ஏதோ சொன்னார். "இன்னொருக்கா," என்றார் துஷி.

இரண்டாவது முறை அவர் லியாவைப் பார்க்கவில்லை. எஸ்தரைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். மூன்றாவது முறை துஷி அழுத்தப் போகும்போது கையைப் பிடித்து நிறுத்தினார். ஹெட்போனைத் தானே எடுத்து, தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு, காதில் மாட்டிக்கொண்டார்.

இன்னொரு ஹெட்போன் இருந்தது. நானும் எடுக்கவில்லை, துஷியும் எடுக்கவில்லை. சத்தமில்லாத அந்தப் படத்தின் முன்னால் மூவரும் உட்கார்ந்திருந்தோம். யூடித்தின் உதடு அடிக்கடி அசைந்தது. நான்கு நிமிடம் முடிந்தும் அவர் கழற்றவில்லை. எஸ்தரின் கல்யாணம், மகன், தையல் கடை, எட்டுப் படமும் தீர்ந்து திரை நீலமான பிறகுதான் கழற்றினார். கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, துஷியிடம் இல்லாமல் நேரே என்னைப் பார்த்துப் பேசினார். துஷியின் தமிழ் பின்னாலேயே வந்தது.

"எழுதுங்கோ. ரெண்டு பேரையும் எழுதுங்கோ. அம்மாவைத் தனிய நிப்பாட்டி நல்லவ எண்டு எழுதாதேங்கோ. அம்மா அவவின்ரை கழுத்திலை கை போட்டுக்கொண்டு நிக்கிறா. அந்தக் கையை எடுத்துவிடுற உரிமை உங்களுக்குமில்லை, எனக்குமில்லை."